பிறந்த வீட்டுக் கோடி

என் அம்மாயி யாரையும் நம்ப மாட்டாள். நான் மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். பால்காரர் ஊற்றிய பாலில் ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் விட்டுக் கையைச் சாய்த்துப் பார்ப்பாள். சொட்டு ஓடிவிட்டால் அன்றைக்கு அந்த மனிதர் தொலைந்தார். பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினால், பலகையைப் படித்துச் சொன்ன என்னிடம் ஒரு தடவை, கண்டக்டரிடம் ஒரு தடவை, பக்கத்து சீட்டுக்காரியிடம் ஒரு தடவை, “இது பெரம்பலூருதான போவுது?” என்று கேட்பாள். மூன்று பேரும் ஆமாம் என்றால், “என்னா, மூணு பேரும் பேசி வச்சிக்கிட்டீங்களா?” என்பாள். டாக்டர் போட்ட ஊசி வலிக்கவில்லை என்றால் வெறும் தண்ணீரைக் குத்தி அனுப்பிவிட்டான் என்று ஒரு வாரம் திட்டுவாள். விதை வெங்காய மூட்டைக்கு அவள் போடும் முடிச்சு வேறு யாருக்கும் வராது. யாராவது அவிழ்த்துக் கட்டினால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள்.

இதையெல்லாம் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். ஆனால் ஒரே ஒரு சந்தேகத்தை மட்டும் எங்களால் சிரித்துத் தள்ள முடியவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அம்மாயி என் அம்மாவைப் பெற்றவள். வேப்பந்தட்டைக்குப் பக்கத்து ஊருக்கு வாழ வந்து ஐம்பது வருஷம் ஆன பிறகும் ஊர் அவளை ‘ஒடையார்பாளயத்தா’ என்றுதான் கூப்பிட்டது. உடையார்பாளையம் அவள் பிறந்த ஊர். அங்கே அவளுக்கு ஒரே ஒரு தம்பி. அந்தத் தம்பியோடு பேச்சுவார்த்தை கிடையாது.

காரணத்தைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. என் அம்மா கல்யாணத்துக்குத் தாத்தா பத்திரிகை வைக்கப் புறப்பட்டிருக்கிறார். அரியலூர் பஸ் ஸ்டாண்டிலேயே மச்சானைப் பார்த்துவிட்டார். இனி எதற்கு இன்னொரு பஸ் ஏறுவது என்று, அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்த்திப் பத்திரிகையைக் கையில் கொடுத்து, ஒரு டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். தாய்மாமன் ஆயிற்றே! வீடு தேடிப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்து, நீங்கதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும் என்று சொல்ல வேண்டாமா? “எனக்கு டீக்கடையில வச்சா பத்திரிகை?” என்று அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. தாய்மாமன் மாலை விழாமலேயே என் அம்மா கழுத்தில் தாலி ஏறியது. அதற்குப் பிறகு இவர்களும் போகவில்லை, அவரும் வரவில்லை. நடுவில் இருந்தது மூன்று பஸ் தூரம்.

தொண்ணூற்றாறில் தாத்தா இறந்தார். எங்கள் பக்கத்தில் ஒருத்தியின் புருஷன் செத்தால் அவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து சேலை வரவேண்டும். அவளே செத்தாலும் அப்படித்தான். குளிப்பாட்டிக் கிடத்திய உடம்பின் மேல் முதலில் விழுவது பிறந்த வீட்டுச் சேலையாக இருக்க வேண்டும். அதைத்தான் கோடி என்கிறோம். தெருமுனை வரைக்கும் மேளத்தோடு போய் அழைத்து வந்து, “பொறந்த வூட்டுக் கோடி” என்று நாலு பேர் காதில் விழச் சொல்லிப் போடுவார்கள். மற்றவர்கள் பட்டாகக் கொண்டு வந்து குவித்தாலும், அது விழாவிட்டால் கேட்க நாதியில்லாதவள் என்று பேர்.

தாத்தா சாவுக்குத் தம்பி வரவில்லை. ஆனால் கோடி வந்தது. தூரத்து உறவுக்காரர் ஒருவர் தட்டில் வைத்துக் கொண்டுவந்து போட்டார். தம்பிக்கு உடம்பு முடியவில்லை, கொடுத்தனுப்பினார் என்றார்கள். அம்மாயி அந்தச் சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு, என் தம்பி என்னை மறக்கவில்லை என்று ஒப்பாரியிலேயே சேர்த்துப் பாடி அழுதாள். காரியம் முடிந்த பிறகு துவைக்க எடுத்தபோதுதான் உள்மடிப்பில் கடைச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்னைக் கூப்பிட்டு, “என்னாடி போட்டுருக்கு இதுல?” என்றாள். பெரம்பலூர்க் கடை ஒன்றின் பேர். நானும் அறிவு கெட்டவள், அப்படியே படித்துச் சொல்லிவிட்டேன்.

“ஒடையார்பாளயத்துக்காரன் பெரம்பலூருக்கு வந்தா சீல எடுப்பான்?” என்றாள்.

மாமா, அவளுடைய ஒரே மகன், கொஞ்ச நேரம் மழுப்பிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். சேலை எடுத்தது அவர், ஆள் பிடித்துப் போட வைத்ததும் அவர்.

“ஊரு முன்னாடி ஒனக்கு அவமானமாப் போயிடுமேன்னுதான் செஞ்சேன்.”

“ஊருக்காவ செஞ்ச. எனக்காவ என்னாடா செஞ்ச?”

அந்தச் சேலையைக் கிழித்துச் சோளக்காட்டில் கிளி விரட்டக் கட்டிவிட்டாள். மாமாவோடு மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்குள் ஒரு பயம் அப்போது புகுந்தது. அதை எங்களிடம் நேராகவே சொன்னாள். “இப்ப உசுரோட இருந்தேன், சீட்டப் பாத்தேன். நான் செத்தப்புறம் இதே மாரி ஒன்ன வாங்கியாந்து போடுவானுவ. எந்திரிச்சு வந்து பாக்கவா முடியும்?”

அதிலிருந்து வீட்டில் எந்தச் சேலை வந்தாலும் அவளுக்குச் சந்தேகம்தான். மாமா பொங்கலுக்குத் துணி எடுத்து வந்தால் எல்லாப் பையையும் கவிழ்த்துப் பார்ப்பாள். கணக்குக்கு மேல் ஒன்று இருந்துவிட்டால், “இது யாருக்கு? எனக்கு எடுத்து மறச்சு வச்சிருக்கியா?” என்பாள். அத்தைக்கு எடுத்தது என்றாலும் நம்ப மாட்டாள். அத்தை அதை உடனே கட்டிக்காட்ட வேண்டும்.

இரண்டாயிரத்து இரண்டில் நான் பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாயி வீட்டுக்குப் போவேன். அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, ஒரு வருஷம் போல வைத்திருந்துவிட்டு, மறுபடி பெரம்பலூரோடு சேர்த்த நேரம். செய்தியைச் சொன்னதும் அம்மாயி, “மாவட்டத்தையே பிரிக்கிறானுவ, சேக்குறானுவ. என் தம்பிய என்னோட சேத்து வைக்க ஒருத்தனுக்கும் வக்கில்ல” என்றாள். பிறகு, “லீவு போடு. ஒடையார்பாளயம் போவணும்” என்றாள்.

வீட்டில் புகைச்சல் கிளம்பிவிட்டது. மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அம்மா பொறந்த வூட்டு முந்திரிக்காட்டுல பங்கு கேக்கப் போவுதா? பொண்ணுங்களுக்கும் பங்கு உண்டுன்னு எவனாச்சும் ஏத்தி விட்டானா?” என்று கேட்டார். என் அம்மாவுக்கு வேறு சந்தேகம். மாமாவே அம்மாயியைத் தூண்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி நம்மிடம் கேட்கிறாரோ என்று. எனக்கு இரண்டு பேர் மேலும் சந்தேகம், அம்மாயி மேலும் சந்தேகம். ரத்தம் அப்படி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், புறப்படுகிற அன்று அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவளுடைய மஞ்சள் பையைத் துழாவினேன். பத்திரம், பட்டா ஏதாவது இருக்கும் என்று. வெற்றிலைச் சுருக்குப்பை, ஒரு முறுக்குப் பொட்டலம், ஒரு புதுத் துண்டு, அவ்வளவுதான் இருந்தது. துண்டு தம்பிக்கு. அதையும் விடவில்லை நான், உள்ளே தாள் எதையும் சுருட்டி வைத்திருக்கிறாளா என்று உதறிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தேன். குளித்துவிட்டு வந்தவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “மடிப்பு மாறியிருக்கு” என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உடையார்பாளையத்தில் வீட்டு வாசலில் நின்றவள் தம்பியின் மருமகள். முறைக்கு எனக்குச் சித்தி. அதுவரை நான் பார்த்ததே இல்லை. “வாங்க” என்று வாய் சொன்னது, ஆனால் நிலைப்படியை விட்டு ஆள் நகரவில்லை. நாங்கள் யார் என்று தெரிந்ததும் முகம் இன்னும் இறுகிவிட்டது. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அம்மாயி அதை வாங்கி என்னிடம் கொடுத்து, “நீ மொதல்ல குடி” என்றாள். சித்திக்குப் புரியாமல் இருக்குமா? நான் ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொம்பை அம்மாயியிடம் நீட்டினேன்.

தாத்தா, அதாவது அந்தத் தம்பி, வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காது மந்தம், கண்ணிலும் புரை. கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்ற அம்மாயியை ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு, “எளச்சுப் போயிட்ட” என்றார். இருபத்தேழு வருஷத்துக்கு அப்புறம் பேசிய முதல் வார்த்தை.

சித்தி குறுக்கே வந்தாள். “அத்த, பங்கு விஷயமா வந்திருந்தீங்கன்னா எங்க வூட்டுக்காரரு காட்டுலேருந்து வந்ததும் பேசிக்குங்க. மாமாவுக்கு ஒடம்பு முடியல.”

“பங்கு கெடக்குது கழுத” என்றாள் அம்மாயி. “ஏண்டா, நான் செத்தா கோடி கொண்டாருவியா, மாட்டியா? அத மட்டும் சொல்லு, நான் போறேன்.”

தாத்தா, “பத்திரிகைய டீக்கடையில வச்சுக் குடுத்தாரே...” என்று ஆரம்பித்தார்.

“அவரு செத்து ஆறு வருஷம் ஆவுது. அங்க போயி அவருகிட்ட கேட்டுக்க. நீ எனக்குப் பதில் சொல்லு.”

தாத்தா சிரித்துவிட்டார். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மாயி அழவில்லை. அவர் நிஜமாகவே அழுகிறாரா என்று குனிந்து பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், பார்த்தாள்!

“சொல்லி அனுப்பு அக்கா. வர்றேன்” என்றார் அவர்.

“சொல்லி அனுப்புறது யாரு? என் மவன். அவன நம்ப முடியாது. இப்பயே எடுத்துக் குடுத்துடு. பொட்டியில வச்சிக்கிறேன்.”

சித்தி காதைப் பொத்திக்கொண்டாள். “ஐயய்யோ, உசுரோட இருக்கறவங்களுக்குக் கோடி எடுப்பாங்களா? எடுத்த வூட்டுக்கும் ஆவாது, ஒங்களுக்கும் ஆவாது.”

தாத்தாவும் அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. “நானே ஒன்ன அனுப்பி வைக்கிற மாரி ஆயிடும். அது என்னால முடியாது” என்றார். கடைசியில் அம்மாயி உள்ளங்கையை நீட்டினாள். அவர் அதன் மேல் அடித்துச் சத்தியம் செய்தார். அது போதாது என்று இன்னும் இரண்டு தடவை அடிக்க வைத்தாள். புறப்படும்போது சித்தி எனக்கு ஒரு பொட்டலம் முந்திரிப் பருப்பு கொடுத்தாள். பஸ்ஸில் அதைப் பார்த்த அம்மாயி, “முந்திரிக்காட்ட மறக்கறதுக்கு முந்திரி குடுத்துருக்கா பாரு” என்றாள். நான் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அதே நினைப்புதான்.

“இப்பயாச்சும் நம்பிக்கை வந்துச்சா அம்மாயி?” என்று கேட்டேன்.

“கையில அடிச்சான். கண்ணப் பாத்து அடிக்கலியே” என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து அந்தத் தம்பித் தாத்தா இறந்தார். எங்களுக்குத் தகவல் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. போன் கிடைக்கவில்லை என்றார்கள். வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டார்கள், அக்கா வந்தால் பங்குப் பேச்சு வரும் என்று பயம், என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். அம்மாயி தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். “எனக்குக் கோடி போடுறேன்னு சத்தியம் பண்ணிட்டு முந்திக்கிட்டானே, களவாணிப் பய!” என்று திட்டித் திட்டி அழுதாள்.

அழுது ஓய்ந்த பிறகு என்னை மட்டும் கூப்பிட்டாள். “இனிமே அந்த வூட்டுலேருந்து எவரும் வரமாட்டாங்க. வரலன்னா வுட்டுடுங்க. பொறந்த வூட்டுல நாதியில்லன்னு ஊரு பேசுனா பேசிட்டுப் போவட்டும். வெறுமனே எடுங்க. பொய்க் கோடி மட்டும் என் மேல விழக்கூடாது. ஒங்க மாமன் வாங்கியாருவான். நீதான் நின்னு தடுக்கணும்.” பிறகு, “ஒன்னத்தான் நம்புறேன்” என்றாள். அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. சரி என்று சொன்னேன். சத்தியம் கேட்பாள் என்று கையைக்கூட நீட்டினேன். கேட்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறு ஐப்பசியில், அடைமழை நாளில், காலையில் காப்பி குடித்துவிட்டுச் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

எழவு சொல்ல ஊர் ஊராக ஆள் கிளம்பினார்கள். “ஒடையார்பாளயத்துக்கும் ஒரு ஆள அனுப்பணும்ல?” என்று மாமா என்னைத்தான் கேட்டார். “போன் பண்ணிச் சொன்னாப் போதும் மாமா. அவங்க நமக்குச் சொன்ன லட்சணம் தெரியாதா?” என்றேன். சொன்னது நான். மாமா இல்லை, நான். அந்தப் போனையும் எல்லோருக்கும் சொல்லி முடித்த பிறகு, பதினொரு மணிக்கு மேல்தான் போட்டோம். அவர்கள் வீட்டுக்கு எதிரில் இருந்த கடைக்காரர் எடுத்து, சொல்லிவிடுகிறேன் என்றார். அதற்கப்புறம் அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை.

மூன்று மணிக்கு மறுபடி மழை இருட்டிக்கொண்டு வந்தது. குளிப்பாட்டிக் கிடத்தியாகிவிட்டது. பெரியவர்கள், எவ்வளவு நேரம் போட்டு வைப்பது, மழைக்கு முன்னால் எடுத்துவிடுவோம் என்று அவசரப்படுத்தினார்கள். பெண்கள் பக்கம் முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது. “ஒடையார்பாளயத்தா ஒடையார்பாளயத்தான்னு கூப்புட்டோம், ஒரு நாதி வரல பாரேன்” என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. மாமா என்னை மாட்டுக்கொட்டகைப் பக்கம் வரச் சொன்னார். கையில் ஒரு கவர். காலையிலேயே ஆள் அனுப்பி வாங்கி வைத்துவிட்டார்.

“நீ வேணாம்னா வேணாம்” என்றார். அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “ஆனா அனாத மாரி எப்புடிம்மா அனுப்புறது?”

நான் தடுக்க வேண்டியவள். அதற்காகவே என்னை நிறுத்தி வைத்துவிட்டுப் போயிருந்தாள். வெள்ளைத் துணியோடு கிடந்த அவளைப் பார்த்தேன். என்னால் தாங்க முடியவில்லை. அந்த நேரத்தில் அவள் சொன்னதைவிடத் தெரு சொன்னதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. கவரை வாங்கிக்கொண்டேன். சேலையைப் பிரித்து, மடிப்பு மடிப்பாகத் தேடி, ஒட்டியிருந்த கடைச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துக் கசக்கி எறிந்தேன். உடையார்பாளையத்தை ஒட்டிய ஜெயங்கொண்டத்துப் பக்கமிருந்து எங்கள் தெருவுக்கு வாழ வந்த ஒரு கிழவியைப் பிடித்துத் தட்டைக் கையில் கொடுத்தேன். தெருமுனையிலிருந்து மேளம் கொட்டிக்கொண்டு வந்தார்கள். கிழவிக்குக் குரல் எழும்பவில்லை. நான்தான் எல்லோருக்கும் கேட்கும்படி, “பொறந்த வூட்டுக் கோடி!” என்று கத்தினேன். சேலை அம்மாயி மேல் விழுந்தது. மேளம் முன்னால் போக, தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் இன்னும் திரும்பவில்லை. நாங்கள் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தோம். சித்தி சேறு தெறித்த சேலையோடு, ஒரு துணிப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மெயின் ரோட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள். கழுவின வாசலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“எடுத்துட்டீங்களா?” என்றாள்.

என் அம்மா தலையை ஆட்டினாள். சித்தி ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பையிலிருந்து ஒரு சேலையை எடுத்தாள். பச்சைக் கரை போட்ட நூல் சேலை. ரசக்கற்பூர வாசனை அடித்தது.

“நீங்க வந்துட்டுப் போன மறு வாரமே எங்க மாமா எடுத்துட்டாரு. உசுரோட இருக்கறவங்களுக்குக் கோடி எடுத்து வூட்டுல வைக்கக்கூடாதுன்னு நான் அவ்ளோ சண்ட போட்டேன். கேக்கல. மாட்டுக்கொட்டாய்ப் பரண்ல ஒரு தகர டப்பாவுல வச்சாரு. நான் முந்திக்கிட்டன்னா நீ கொண்டுபோயி போடணும், எங்கக்கா ஒருத்தரையும் நம்ப மாட்டா, நீயே போயி ஒங்கையால போடணும்னு சாவுறப்பக்கூட என் கையில அடிச்சு வாங்கிட்டுத்தான் கண்ண மூடுனாரு. மத்தியானம்தான் சேதி சொன்னாங்க. மூணு பஸ் மாறி வர்றேன்.” மூச்சு வாங்கினாள். “கோடி போடாமயா எடுத்தீங்க?”

“போட்டோம்” என்றாள் என் அம்மா மெதுவாக.

“எங்க வூட்டுக் கோடி இங்க இருக்கு. யாரு போட்டது?”

“நான்தான் சித்தி” என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. மடியில் கிடந்த சேலையைத் தடவிக்கொண்டே, “இத நான் இப்ப என்னா செய்யறது?” என்று மட்டும் கேட்டாள். அந்த மழை மூட்டத்திலும் சுடுகாட்டுப் பக்கம் புகை கிளம்பிவிட்டிருந்தது. என் அம்மாயி பால்காரரிலிருந்து பெற்ற பிள்ளை வரைக்கும் ஒருவர் விடாமல் சந்தேகப்பட்டாள். சந்தேகப்படாமல் விட்டது என்னை ஒருத்தியைத்தான்.